சிபாரிசு செய்த முன்சீப்

'என்ன படித்திருக்கிறீர்கள்?' என்று யாராவது கேட்டால் பட்டியல் ஒப்பிக்கத் தொடங்கிவிடுகிறோம். 1880இல் கும்பகோணத்தில் உ.வே.சாமிநாதையரும் அதைத்தான் செய்தார். கேட்டவர் ஊருக்குப் புதிதாக முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று கல்லூரித் தமிழாசிரியர் அடுக்க, முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். படித்ததில்லை.

பேச்சு அங்கேயே நின்றிருந்தால் அது வெறும் மட்டம் தட்டல்தான் (நம் வாசகர் வட்டங்களில் இன்றும் அதற்குப் பஞ்சமில்லை). ஒரு நூலைப் புகழ்ந்துவிட்டு, பிரதி எங்கே கிடைக்கும் என்று நண்பர் கேட்டால் கடைப்பெயரைச் சொல்லி நழுவுகிறோமே, முதலியார் அப்படி நழுவவில்லை. தம்மிடம் இருந்த கையெழுத்துப் பிரதியையே கொடுத்தார். கூட உட்கார்ந்து படிக்கவும் செய்தார். காப்பியத்தில் பிடிபடாத சமணச் செய்திகளைக் கேட்டறிய ஐயர் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்கே போய்விட்டார்.

சிந்தாமணி 1887இல் அவர் பதிப்பாக வெளிவந்தது. ஐயர் அத்தோடு நிற்கவில்லை: சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898.