கைத்திறனும் முன்மதியும்

பங்கு இல்லத்தின் பின்திண்ணையில் பழைய சாக்கு ஒன்றை விரித்து, புல்லட் வண்டியின் உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலேயே அதன்மேல் அடுக்கி வைப்பது என் நெடுநாளைய வழக்கம். கடைசியாகக் கழற்றியதை முதலில் பூட்ட வேண்டும். அந்த ஒழுங்கு தவறினால் மாலையில் ஒரு திருகாணி கையில் மிஞ்சும். “சாமிக்கு இதெல்லாம் தேவையா?” என்று முணுமுணுப்போர் பங்கில் உண்டு. ஆண்டவர் தச்சராயிருந்தார், பவுலடியார் கூடாரம் செய்து பிழைத்தார் என்று நானும் சிரித்துக்கொண்டே மறுமொழி கூறிவந்தேன். இப்போதெல்லாம் அந்த மறுமொழி அவ்வளவு விரைவாக வாயில் வருவதில்லை.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்த வேளையில், எம் பங்கு இளைஞர் ஒருவர் ஆலயத்தைக் கடந்து சென்றார். ஒன்பதாம் நிலைக்கான செபம் எவர் காதிலும் விழவில்லை. சைலன்சரின் உள்ளே, வெளிவரும் வாயுவைத் தடுத்துத் தணித்து ஓசையை விழுங்குவதற்கென்று அமைந்த தடுப்புகளை அவர் வீட்டிலேயே அறுத்தெடுத்து, மீண்டும் பற்றவைத்திருந்தார். மறுநாள் அழைத்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், பற்றவைத்த இடம் எதுவென்று கண்டுபிடிக்க எனக்குச் சிறிது நேரமாயிற்று. அவ்வளவு நேர்த்தி! கண்டிக்க எண்ணியவன் முதலில் பாராட்டிவிட்டேன். பிறகு கண்டித்தேன். அவர் பணிவோடுதான் கேட்டார்: “வண்டி என்னுது சாமி. என் கையாலே செஞ்சேன். யார்கிட்டயும் எடுக்கல. இதுல பாவம் எங்க இருக்கு?”

சட்டம் இருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கலாகாது என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுகிறது. 2019இல் வந்த திருத்தம், இத்தகைய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் தண்டம் விதிக்க இடமளிக்கிறது. ஆனால் அந்த இளைஞர் கேட்டது தண்டத்தைப் பற்றியன்று.

‘என்னுடையது’ என்ற சொல்லைப் புனித தோமா அக்குவினார் கவனமாகக் கையாள்கிறார். பொருளைத் தேடவும் பேணவும் பகிர்ந்தளிக்கவும் ஒருவனுக்குத் தனியுரிமை உண்டு. அதைப் பயன்படுத்தும்போதோ அனைவருக்கும் பொதுவானது என்ற எண்ணத்தோடு பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய போதனை. வண்டி இளைஞருடையதுதான். அதன் ஓசை எவருடையது? அது மதில் தாண்டிப் போகிறது. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் தொட்டில்வரை போகிறது. தம் வீட்டு முற்றத்தில் நிறுத்திவைக்க இயலாத ஒன்றை ஒருவர் தமக்கு மட்டும் உரியது என்று எப்படிச் சொல்வார்?

அக்குவினார் காட்டும் வேறொரு வேறுபாடு என்னை இன்னும் நெருங்கித் தொட்டது. கைத்திறன் என்பது செய்யப்படும் பொருளைப் பற்றிய சரியான அறிவு. முன்மதி என்பது செய்கின்ற செயலைப் பற்றிய சரியான அறிவு. (நம் முன்னோரின் ஞானோபதேசம் இதை விவேகம் என்றது.) பொருள் நன்றாய் அமைந்துவிட்டால் கைத்திறன் நிறைவு பெறுகிறது. செய்தவன் நல்லவனா, இந்த நேரத்தில் இதைச் செய்திருக்க வேண்டுமா என்றெல்லாம் அது கேட்பதில்லை. குருமடத்தில் இதைத் தேர்வுக்காகப் படித்து நல்ல மதிப்பெண் பெற்றேன். பொருள் விளங்கியது பல ஆண்டுகள் கழித்து, அந்தப் பின்திண்ணையில்.

என் வண்டி திருவொற்றியூர் ஆலையில் பிறந்த பழைய புல்லட். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். அதற்குப் ‘பாயிண்ட்’ வைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பிஸ்டன் தன் உச்சியை எட்டுவதற்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருக்கும்போது, பாயிண்டின் இரு முனைகளும் பிரியத் தொடங்க வேண்டும். இடையே மெல்லிய தாளொன்றைச் செருகி மெல்ல இழுத்துக்கொண்டே இயந்திரத்தைச் சுழற்றினால், தாள் விடுபடும் கணம் கைக்குத் தெரியும். அந்தக் கணம் முந்தினால் உதைக்கும் காலையே வண்டி திருப்பி உதைக்கும். பிந்தினால் இழுவை குன்றி இயந்திரம் சூடேறும். டாப்பெட் வைப்பதும் அப்படியே. தள்ளுதண்டு விரல்களிடையே தடையின்றிச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் அசையக் கூடாது. நம் நாவன்மைக்கு அங்கே மதிப்பில்லை. பிரசங்கம் சரியில்லை என்று மக்கள் முகத்துக்கு நேரே சொல்வதில்லை, வண்டி சொல்லிவிடும். அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஆறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிளைக்கிராமத்திலிருந்து ஒருவர் வந்தார். “அம்மாவுக்கு ரொம்ப முடியல சாமி. உங்களையே கேட்டுக்கிட்டிருக்கு.” காலையில் வருகிறேன் என்றேன். சனிக்கிழமை காலைத் திருப்பலி முடிந்ததும் வண்டியை எடுத்தேன்; ஓட்டம் சீராக இல்லை. ஒரு மணி நேர வேலைதான், சரிசெய்துகொண்டே போவோம் என்று சாக்கை விரித்தேன். பத்து மணிக்குப் பேருந்து இருந்தது. கோவில்பிள்ளையிடம் மிதிவண்டியும் இருந்தது. இன்னும் கால் மணி நேரம், இன்னும் கால் மணி நேரம் என்றே பொழுது போயிற்று. தாள் விடுபடும் கணம் கைக்கு அகப்பட்டபோது நண்பகல் திரிகால செபத்துக்கு மணி அடித்தது. முதல் உதையிலேயே வண்டி உயிர் பெற்றது. அப்போது நான் அடைந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

தெருமுனையிலேயே ஒப்பாரி கேட்டது. அம்மா பதினொரு மணிக்கு இறந்திருந்தார்கள். மூச்சடங்கும்வரை வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் “சாமி வந்துட்டாரா?” என்று கேட்டார்களாம். மகன் என்னைக் குறைகூறவில்லை. கைகளைக் கழுவிக்கொள்ளத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அப்போதுதான் என் விரல்களில் கிரீஸ் இருப்பதைக் கண்டேன்.

அன்று நான் செய்த வேலையில் குறையேதும் இல்லை. அதற்குப் பின் நெடுநாள் அந்தப் பாயிண்டைத் தொட வேண்டிய தேவையே எழவில்லை.

இதைத்தான் அந்த இளைஞரிடம் சொன்னேன். சட்டப் பிரிவையும் அக்குவினாரையும் சொல்லவில்லை. அவர் தம் சைலன்சரைக் காலால் மெல்லத் தட்டிக்கொண்டே கேட்டிருந்தார். பிறகு, “அந்தப் பாட்டியோட வீடு எது சாமி?” என்று கேட்டார். சொன்னேன். அந்தத் தெரு வழியாகத்தான் தாம் நாள்தோறும் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, வண்டியை உதைத்துக் கிளப்பாமல், வாசல்வரை தள்ளிக்கொண்டே போனார்.