பேயும் இல்லை, நடிப்பும் இல்லை

"நெஞ்சு அடைக்குது, உயிர் போயிரும் போல இருக்கு" என்று ஒரு பெண் துடிக்கிறாள். மாமியார், "உச்சிப் பொழுதுல புளியமரத்தடியில போகாதேன்னு சொன்னேனே, காத்து கருப்பு அடிச்சிருக்கும், மந்திரிச்சு விடணும்" என்கிறார். அதே வீட்டில் கூட்டங்களுக்குப் போய்ப் பகுத்தறிவு பேசும் கொழுந்தன் இருக்கிறார். "பேயாவது பிசாசாவது! எல்லாம் மனப்பிரமை. நீங்களா நினைச்சுக்கறது. தைரியமா இருங்க அண்ணி" என்கிறார் அவர். மாமியாரோடு வாதாட ஆயிரம் பேர் இருக்கிறோம். என் வழக்கு அந்தக் கொழுந்தனோடு.

அவளுக்கு வந்திருப்பது பேனிக் அட்டாக். ஆபத்து எதுவும் இல்லாத நேரத்தில், உயிருக்கே ஆபத்து என்று மூளை எச்சரிக்கை கொடுக்கிறது. அட்ரினலின் பாய்கிறது, இதயம் தறிகெட்டு அடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. மூச்சு வேகமாவதால் கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி, ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை கிறுகிறுப்பதும், உதட்டைச் சுற்றி ஊசி குத்துவது போல இருப்பதும் இவற்றால்தான். அவள் விரல்கள் உள்பக்கமாக மடங்கி விறைத்துப் போகின்றனவே, பேய் பிடித்துவிட்டது என்று ஊர் கூடிப் பார்க்கிறதே, அதுவும் வேகமான மூச்சு செய்யும் வேலை. காற்றே போதவில்லை என்று அவள் தவிக்கிறாள். உண்மையில் தேவைக்கு அதிகமாகவே மூச்சு போய் வந்துகொண்டிருக்கிறது.

இந்தத் தாக்குதல் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானாகவே இறங்கிவிடும். வேப்பிலை அடித்தாலும் இறங்கும், ஓமத் தண்ணீர் கொடுத்தாலும் இறங்கும், ஒன்றுமே செய்யாவிட்டாலும் இறங்கும். உடல் செய்த வேலைக்கான பெயரைக் கையில் கட்டிய தாயத்து வாங்கிக்கொள்கிறது. அடுத்த முறை வந்தால் தாயத்தின் சக்தி குறைந்துவிட்டது, வேறு கட்டவேண்டும். எந்தச் சோதனையிலும் தோற்காதபடி அமைந்த வைத்தியம் இது. இதைக் கொழுந்தன் அழகாக விளக்குவார். அவர் விளக்கத்தில் அதுவரை குறையில்லை.

ஆனால் "தைரியமா இருங்க" என்கிறாரே, அதற்கு மட்டும் என்ன ஆதாரம்? அமெரிக்காவில் ஒரு பெண், ஆய்வேடுகளில் எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படுபவர். மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி ஓர் அரிய நோயால் இரு பக்கமும் சிதைந்து போனவர். பாம்பைக் கையில் கொடுத்தாலும் பயமில்லை. பேய் இருப்பதாகச் சொல்லிக் காட்சிக்கு வைத்த கட்டடத்துக்குள் சிரித்தபடி முன்னால் நடந்தவர். அவரையும் அதே பாதிப்புள்ள வேறு இருவரையும் 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றை ஒருமுறை உள்ளிழுக்கச் செய்தார்கள். மூன்று பேருக்குமே பேனிக் அட்டாக் வந்தது. எஸ்.எம். முகமூடியை எடுக்கச் சொல்லிக் கையை வீசி, உதவி உதவி என்று கேட்டார். 2013இல் வெளிவந்த ஆய்வு இது. மூளை நலமாக உள்ளவர்கள் பன்னிரண்டு பேருக்கு அதே காற்றைக் கொடுத்தபோது மூன்று பேருக்குத்தான் வந்தது. பயம் என்றால் என்னவென்றே அறியாத ஒருவருக்கு இது வரும் என்றால், தைரியக் குறைவுதான் நோய் என்ற தீர்ப்பு எங்கிருந்து வந்தது? நம் வீட்டு நம்பிக்கையிலிருந்து வந்தது. காத்து கருப்பும் அதே வீட்டிலிருந்து வந்ததுதான்.

ஆபிரகாம் கோவூரை நம் பகுத்தறிவு இயக்கத்தார் கொண்டாடுகிறோம். கேரளத்தில் பிறந்து, இலங்கையில் ஆசிரியராக வாழ்ந்து, பேய், சாமியாடல், தெய்வ மனிதர்கள் என்று ஒவ்வொன்றையும் நேரில் ஆராய்ந்தவர். பேய் இல்லை என்று நிரூபித்ததோடு அவர் வீடு திரும்பவில்லை. பேய் கல்லெறிகிறது என்று சொன்ன வீட்டில் உட்கார்ந்து, அந்த வீட்டில் யாருக்கு என்ன துன்பம் என்று கேட்டார். மனநோய் கண்டவர்களுக்குச் சிகிச்சைக்கு வழி தேடினார். நாம் அவரிடமிருந்து பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மருத்துவமனையிலும் இந்தப் பாதி வேலைதான் நடக்கிறது. முதல் முறை வரும்போது கட்டாயம் மருத்துவமனைக்குப் போகவேண்டும். மாரடைப்பும் இப்படித் தொடங்கலாம். இ.சி.ஜி. எடுக்கட்டும், தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை எல்லாம் பார்க்கட்டும். அதெல்லாம் சரியாக இருந்தால் பணி மருத்துவர், "எல்லாம் நார்மல், ஒண்ணுமில்லை, கூட்டிட்டுப் போங்க" என்கிறார். அந்த வார்த்தையை வீட்டார் கையோடு எடுத்து வருகிறார்கள். மறுவாரம் அவள் மறுபடி நெஞ்சைப் பிடித்தால், "டாக்டரே ஒண்ணுமில்லைன்னுட்டாரு, வேலைக்கு டிமிக்கி கொடுக்க நடிக்கிறா" என்று பேச்சு மாறுகிறது. இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகம். நடிப்பு என்ற குற்றச்சாட்டும் பெரும்பாலும் அவர்கள் மேல்தான் விழுகிறது. அப்படிச் சொல்லிவிட்டால் வீடு எதையும் மாற்றிக்கொள்ள வேண்டாம், செலவு செய்ய வேண்டாம், அவளோடு உட்கார வேண்டாம். பேய் என்று சொன்ன மாமியாராவது அவளை நம்பினார். அவளுக்கு ஏதோ நடக்கிறது என்று ஒப்புக்கொண்டார். பகுத்தறிவு பேசுகிறவர் வாயால் "நீங்களா நினைச்சுக்கறது" என்று கேட்டபோதுதான் அவள் தனியாளாகிப் போனாள். இதை எழுத எனக்குக் கூசுகிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இந்த நோய்க்கான நல்ல சிகிச்சையே பகுத்தறிவு முறைதான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பிரிட்டன் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் ஒரு விளக்கம் கொடுத்தார். இதயம் படபடப்பது போன்ற சாதாரண மாற்றத்தை, இதோ மாரடைப்பு என்று மனம் தவறாகப் படிக்கிறது. அந்தப் பயம் படபடப்பைக் கூட்டுகிறது, கூடிய படபடப்பு பயத்தை உறுதிப்படுத்துகிறது. இந்தச் சுழலை அறிவுரை சொல்லி உடைக்க முடியாது, சோதித்துத்தான் உடைக்கவேண்டும். பயிற்சி பெற்ற உளவியலாளர் அவளை மாடிப்படியில் வேகமாக ஏறச் சொல்கிறார், சுழல் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றுகிறார், மெல்லிய குழாய் வழியாக மூச்சு விடச் சொல்கிறார். அதே படபடப்பு, அதே கிறுகிறுப்பு வருகிறது. அவள் சாகவில்லை. மறுபடியும் செய்கிறார்கள், மறுபடியும் சாகவில்லை. மயங்கி விழுந்துவிடுவோமோ என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. மயக்கத்துக்கு ரத்த அழுத்தம் சரியவேண்டும், இந்த நேரத்தில் அது பெரும்பாலும் ஏறியே இருக்கும். பேருந்தில் ஏறாமல் தவிர்த்து, பிறகு சந்தையைத் தவிர்த்து, கடைசியில் தெருமுனைக்கே போகாமல் முடங்கியவர்கள், ஒவ்வொரு இடமாகத் திரும்பப் போய்ப் பார்க்கிறார்கள். தண்ணீர் பாட்டிலும் மாத்திரையும் பையில் இல்லாமல் வாசல் தாண்டாதவர், ஒருநாள் அவை இல்லாமலே போய்வருகிறார். தாயத்தைக் கழற்றுவதும் இதே முறையில்தான் முடியும். பிடுங்கி எறிந்தால் முடியாது.

மருந்துகளும் உண்டு. தினமும் எடுக்கவேண்டியவை சில வாரங்கள் கழித்தே வேலை செய்யும், பொறுமை வேண்டும். அல்பிரசோலம் போன்றவை உடனே அடக்கும், பழக்கமாகியும் விடும். கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. காகிதக் கவரில் மூச்சு விடச் சொல்லும் பழைய யோசனையும் வேண்டாம். வந்திருப்பது ஆஸ்துமாவாகவோ இதயக் கோளாறாகவோ இருந்தால் ஆபத்து. பக்கத்தில் இருப்பவர் சொல்லவேண்டியது கொஞ்சம்தான்: "இது போன தடவை வந்த அதேதான். டாக்டர் சொன்னாரில்ல, ஏறி இறங்கிரும். மூச்சை மெதுவா வெளியே விடு. நான் எங்கயும் போகலை." எங்கே காட்டுவது என்று தெரியாத வீட்டுக்கு 14416 இருக்கிறது. மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண், கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

நம் மேடைகளில் 'மந்திரமா, தந்திரமா' நிகழ்ச்சி நடத்துகிறோம். கையில் கற்பூரம் ஏற்றிக் காட்டுகிறோம், முதுகில் அலகு குத்திக் கார் இழுக்கிறோம், கூட்டம் கைதட்டுகிறது. அதில் ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய் எதுவும் இல்லாத நம் தோழர் ஒருவரை மேடையிலேயே உட்காரவைத்து, மருத்துவர் பக்கத்தில் நிற்க, ஒரு நிமிடம் வேக வேகமாக மூச்சு விடச் செய்வோம். விரல்நுனி மரப்பதையும் தலை கிறுகிறுப்பதையும் அவரே ஒலிபெருக்கியில் சொல்லட்டும். கூட்டத்தில் யாரோ ஒரு மாமியார், தன் மருமகள் சொன்ன அதே வார்த்தைகளை ஓர் ஆண் வாயால் கேட்பார். கொழுந்தனும் கேட்கட்டும்.