பழையது என்று சொல்வது யார்?

'பழையது' என்பது தமிழில் வசைச் சொல்லாக இருந்ததில்லை. இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துச் சாப்பிடுகிறோமே, அதற்குத்தான் அந்தப் பெயர். கெட்டுப்போனதைச் சொல்ல 'ஊசிப்போனது' என்று தனியாக ஒரு சொல் வைத்திருந்தோம். பழையது வேறு, ஊசிப்போனது வேறு என்பது எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரிந்த விஷயம். பாத்திரத்தைத் திறந்து முகர்ந்து பார்த்து அவளே தீர்ப்புச் சொல்லிவிடுவாள். அந்தத் தீர்ப்பைச் சொல்லும் அதிகாரம் சோற்றை வைத்திருப்பவளிடம் இருந்தது. நான் எழுத வந்தது அந்த அதிகாரத்தைப் பற்றித்தான்.

ஒரு பொருள் இரண்டு விதமாகப் பழையதாகிறது. அம்மி தேய்கிறது, கதவுக் கீல் துருப்பிடிக்கிறது, செருப்பின் வார் அறுகிறது. இதில் யார்மீதும் குற்றம் இல்லை. அம்மியைக் கொத்தி வைக்கலாம், வாரைத் தைத்துக்கொள்ளலாம். இன்னொரு விதத்தில் பொருளுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. நேற்று எப்படி இருந்ததோ அப்படியே இன்றும் இருக்கும். ஆனால் எங்கோ தொலைதூரத்தில் நாலுபேர் கூடி, இனி இது பழையது என்று ஒரு தேதி குறிப்பார்கள். அந்தத் தேதி வந்ததும் நம் வீட்டு மேஜைமேல் இருப்பது பழையதாகிவிடும்.

அப்படி ஒரு தேதி 2025 அக்டோபர் 14. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்குச் செய்துவந்த பொதுவான பராமரிப்பை அன்றோடு நிறுத்திக்கொண்டது. இயங்குதளம் என்ற சொல் புரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டுச் சாமான்களுக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவே நின்று வேலை வாங்கித் தரும் காரியஸ்தர் என்று அதை வைத்துக்கொள்ளலாம். பழைய காரியஸ்தர் ஓய்வு பெறுகிறார், புதியவர் வருகிறார் என்றால் யாரும் வருத்தப்படப் போவதில்லை. 2021 அக்டோபர் 5ஆம் தேதி வந்த விண்டோஸ் 11 என்ற புதிய காரியஸ்தரோ வாசற்படியிலேயே நின்றுகொண்டு நிபந்தனை போட்டார். டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் யந்திரமானால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்குக் குறையாத மூளை வேண்டும். இல்லாத வீட்டில் நான் காலடி வைக்கமாட்டேன் என்றார். எட்டாம் தலைமுறை கடைக்கு வந்ததே 2017இல்தான்.

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வாடகை ஒப்பந்தம், பட்டா விண்ணப்பம், பிள்ளைகளின் கல்லூரி மனு என்று நாள் முழுக்கக் கூட்டம். என் கையெழுத்துப் பிரதிகளையும் அவரிடம்தான் கொடுக்கிறேன். அவருடைய கம்ப்யூட்டர் 2018 தொடக்கத்தில் ரொக்கம் கொடுத்து வாங்கியது. உள்ளே இருப்பது ஏழாம் தலைமுறை மூளை. பக்கத்தில் இருக்கும் ஸ்கேனர் அதைவிட நாலைந்து வருஷம் மூத்தது. பழைய பத்திரத்தின் மங்கின முத்திரையைக்கூட எழுத்து எழுத்தாகப் பிடித்துக் கொடுக்கும். போன மழைக்காலத்தில் அவர் என்னிடம் சொன்னார்:

"நல்லாத்தான் சார் ஓடுது. எதுனா ரிப்பேர்னா சொல்லுங்க, ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு பார்ட் வாங்கிப் போட்டுடலாம். ஒண்ணுமே ரிப்பேர் இல்லியே! இல்லாத ரிப்பேரை எப்படி சார் சரிபண்றது?"

வேறு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். கம்ப்யூட்டரோடு ஸ்கேனர் பேசுவதற்கு 'டிரைவர்' என்று ஒரு சிறு நிரல் வேண்டும். அவருடைய ஸ்கேனருக்கு இருப்பது பழைய 32 பிட் காலத்து டிரைவர். விண்டோஸ் 11 வருவதோ 64 பிட்டில் மட்டும். ஸ்கேனரைச் செய்த கம்பெனி — பெயர் வேண்டாம் — அந்த மாடலுக்குப் புதிதாக எழுதித் தருவதாக இல்லை. ஆகக் கம்ப்யூட்டர் போனால் ஸ்கேனரும் உடன்கட்டை ஏற வேண்டியதுதான். கண்ணாடி உடையவில்லை, விளக்கு மங்கவில்லை. பேச்சுத் துணை போய்விட்டது, அவ்வளவுதான்.

இதைக் கேட்டுவிட்டு உடனே கம்பெனிக்காரர்களைக் கரித்துக்கொட்டுவது சுலபம். கதை எழுதுகிறவனுக்கு வில்லன் கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால் எதிர்க்கட்சியின் நியாயத்தையும் கேட்க வேண்டும். அந்த நியாயம் சொத்தையானதல்ல. இன்றைய திருடன் ஓட்டைப் பிரித்து இறங்குவதில்லை. தாம்பரத்துக் கடையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் கண்காணாத தேசத்திலிருந்து நுழைகிறான். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற தீம்பொருள் நூற்றைம்பது நாடுகளில் புகுந்து, கோப்புகளையெல்லாம் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. சரிசெய்யப்படாத யந்திரங்களில்தான் அது புகுந்தது. பூட்டுச் சில்லு கேட்பதும் பழைய காரியஸ்தரை ஓய்வுபெறச் சொல்வதும் ஜனங்களின் நன்மைக்காகவே என்று அவர்கள் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. இன்னொன்றும் சொல்லவேண்டும். விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலையில். பத்து வருஷம்தான் பார்த்துக்கொள்வோம் என்று அப்போதே தேதி போட்டிருந்தார்கள். சொல்லாமல் செய்துவிட்டார்கள் என்று யாரும் பழிபோட முடியாது.

அப்படியானால் மீதிப் பாதி என்ன? அந்த 2017ஆம் வருஷக் கலவரத்தில் இன்னொன்றும் நடந்தது. விண்டோஸ் எக்ஸ்பி என்ற கிழவருக்குப் பராமரிப்பு 2014 ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. ஆனாலும் ஆபத்து வந்தபோது மைக்ரோசாஃப்ட் அந்தக் கிழவருக்கும் ஒரு மருந்து தயாரித்து வெளியிட்டது. பாராட்ட வேண்டிய செயல். அதனாலேயே முடியாமை என்பது வேறு, விருப்பமின்மை என்பது வேறு என்று அன்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. விண்டோஸ் 11 விவகாரத்திலும் அப்படியே. ஏழாம் தலைமுறை ஆகாது என்றவர்கள், அதில் சில மூளைகளுக்கு மட்டும் பிறகு விலக்கு அளித்தார்கள். அவற்றில் ஒன்று அவர்களே தயாரித்து விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2 என்ற யந்திரத்துக்குள் இருந்த மூளை! அவர்கள் சொன்ன தொழில்நுட்பக் காரணம் சரியாகவே இருக்கலாம். ஆனால் தன் பிள்ளைக்குக் கிடைத்த விலக்கு அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காவிட்டால், காரணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் தெருவில் பேச்சு வராமல் இருக்குமா? பராமரிப்பு நின்ற பிறகு 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருஷ நீட்டிப்பு கொடுத்தார்கள். முப்பது டாலர் கட்டு, அல்லது உன் அமைப்புகளை எங்கள் கணக்கில் சேமித்து வை என்றார்கள். ஐரோப்பாவில் நுகர்வோர் சங்கங்கள் கேள்வி கேட்டதும் அங்கே மட்டும் அந்த நிபந்தனைகள் தளர்ந்தன. முடிச்சூர் சாலைக்காரருக்குச் சங்கம் இல்லை.

தாம்பரத்தில் வசிப்பவனுக்கு இந்தச் சமயத்தில் ரயில் ஞாபகம் வராமல் இருக்க முடியாது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மீட்டர் கேஜ், தண்டவாளங்களுக்கு நடுவே சரியாக ஒரு மீட்டர். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம் ஆகிய ஊர்கள் எல்லாம் அந்தக் குறுகிய வண்டியின் ஜன்னலோரத்தில்தான் வளர்ந்தன. பிறகு தேசம் முழுவதும் ஒரே அகலம் என்று தீர்மானமாயிற்று. 1992இல் தொடங்கிய திட்டம் அது. பிராட் கேஜ் அகலம் 1,676 மில்லிமீட்டர். 2004இல் நம் பக்கத்து மீட்டர் கேஜ் மின்சார வண்டி தன் கடைசி ஓட்டத்தை முடித்துக்கொண்டது. அந்தப் பெட்டிகள் ஓடமுடியாமல் நிற்கவில்லை. அவற்றுக்கு அடியிலிருந்த பூமியை வேறு அகலத்துக்கு மாற்றினார்கள். என் சிநேகிதனின் ஸ்கேனருக்கு நேர்ந்ததும் இதுதான்.

நான் அப்போது வேலைக்குப் புதிது. தாம்பரத்தில் ஏறி எழும்பூரில் இறங்குவேன். அந்த மாற்றத்தில் எனக்கு என்ன செலவு ஆயிற்று? யோசித்துப் பார்க்கிறேன், காலணா செலவில்லை. சில வருஷங்கள் இரண்டு அகலத் தண்டவாளங்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒரு நாள் இந்த வண்டியில் ஏறுவேன், இன்னொரு நாள் அந்த வண்டியில் ஏறுவேன். சீசன் டிக்கெட் அதேதான். 'உன் கால் குறுகிய ரயிலுக்குப் பழகிய கால். அகல ரயிலுக்கு வேறு கால் வாங்கிக்கொண்டு வா' என்று யாரும் சொல்லவில்லை. மாற்றத்தைத் தீர்மானித்தவர்கள் யாரோ, அவர்களே தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், புதுப் பெட்டி செய்தார்கள், நடைமேடையையும் மாற்றினார்கள். (இதை விழுப்புரம்–மயிலாடுதுறைப் பாதைக்காரர்கள் படித்தால் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அகலப்படுத்துகிறோம் என்று அங்கே ஆண்டுக்கணக்கில் ரயிலையே நிறுத்தி ஜனங்களைப் பஸ்ஸில் இடிபட வைத்தார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. தாம்பரத்தில் செய்தது போல் அங்கும் செய்திருக்கலாம்.)

என் நண்பர் ஒருவர் வக்கீல். இந்த ஒப்புமை செல்லாது என்கிறார். "ரயில் சர்க்காருடையது. நீ வாங்கியது ஒரு நாள் டிக்கெட், அல்லது ஒரு மாத டிக்கெட். கம்ப்யூட்டரோ உன்னுடையது. உன் சொத்தைக் காலாகாலத்துக்கும் காப்பாற்றிக் கொடு என்று விற்றவனை எப்படிக் கேட்பாய்?" என்பது அவர் வாதம். நல்ல வாதம். ஆனால் அதை அப்படியே திருப்பிப் பார்க்கிறேன். என்னுடையது என்றால், அது எப்போது பழையதாகிறது என்று சொல்லும் உரிமையும் என்னுடையதாக அல்லவா இருக்கவேண்டும்? விலை வாங்கும்போது 'உன்னுடையது' என்றும், ஆயுளைத் தீர்மானிக்கும்போது 'எங்களுடையது' என்றும் சொல்வது எந்தச் சட்டப் புத்தகத்தில் இருந்தாலும் தர்மம் ஆகாது. யந்திரத்தை நமக்கு விற்கிறார்கள். அதற்குள்ளிருக்கும் காரியஸ்தரை அனுமதிப் பத்திரம் போட்டு இரவல்தான் தருகிறார்கள். இரவல் முடிந்ததும் விற்ற பொருள் கல்லாகிவிடுகிறது.

பத்து வருஷம் என்ற கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அது காரியஸ்தர் பிறந்த நாளிலிருந்து எண்ணுகிற பத்து. வாங்குகிறவருக்கு எண்ணவேண்டிய நாள் அதுவல்ல. 2018இல் வாங்கியவருக்கு மிச்சம் ஏழேமுக்கால் வருஷம். புதிய யந்திரத்துக்குக் காசில்லாமல் 2020இல் அதே மாதிரி ஒன்றைச் செகண்ட் ஹாண்டில் வாங்கிய ஏழைக்கு ஐந்து வருஷம். மருந்துப் புட்டியில் காலாவதித் தேதி அச்சடித்திருக்கிறது. பிரெட் பாக்கெட்டில்கூட இருக்கிறது. நாற்பதாயிரம் ரூபாய் யந்திரத்தின் அட்டைப்பெட்டியில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஐரோப்பிய ஒன்றியம் கைபேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி வைத்திருக்கிறது. ஒரு மாடலின் கடைசிப் பிரதி சந்தைக்கு வந்த நாளிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டுக்கு அதன் இயங்குதளத்தைப் புதுப்பித்துத் தரவேண்டும் என்கிறது. கடைசியாக வாங்கியவரிடமிருந்து எண்ணத் தொடங்குகிறது, பாருங்கள்! கடைசி இலையில் உட்கார்ந்தவருக்கும் பாயசம் உண்டா என்று பார்ப்பதுதானே பந்தி விசாரிப்பு?

கட்டணமில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் பக்கம் போய்விட வேண்டியதுதானே என்பார்கள் இளைஞர்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதற்கு நம் பக்கத்திலேயே முன்கதையும் உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ஏ.யு.–கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி–டாக்கும் சேர்ந்து, திறந்த மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை 2005இல் தொடங்கின. 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸ் அந்த முயற்சியில் பிறந்தது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளிலும் விண்டோஸோடு அதையும் வைத்துக் கொடுத்தார்கள். லினக்ஸ்காரர்களும் பழையதைக் கைவிடுகிறவர்கள்தாம். லினஸ் டோர்வால்ட்ஸ் எந்த 386 யந்திரத்தில் அதை எழுதத் தொடங்கினாரோ, அந்த 386க்கான ஆதரவையே 2012 டிசம்பரில் நீக்கினார். ஆனால் நீக்கியபோது சாவியை எடுத்துக்கொண்டு போகவில்லை. பழைய நிரல் எல்லாருடைய கையிலும் இருக்கிறது. வேண்டுமென்கிறவர் எடுத்து ஓட்டிக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம். நான் இனிப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்வதை ஒருவனுடைய உரிமை என்று ஒப்புக்கொள்கிறேன். நானும் பார்க்கமாட்டேன், நீயும் பார்க்கக்கூடாது என்பதைத்தான் என்னால் ஒப்ப முடியவில்லை.

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடும். பூச்செடி, புறா, கட்டில், பழைய டைப்ரைட்டர் எல்லாம் வெயிலில் பரப்பியிருக்கும். நடுவே கம்ப்யூட்டர்களும் குவிந்து கிடக்கும். கெனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு மதிப்பீடு சொன்னது: விண்டோஸ் 10 ஓய்வுபெறுவதால் உலகில் 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகக்கூடும். அந்த எண்ணை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. பல்லாவரத்தில் ஒரு சாக்குமேல் ஏழெட்டு யந்திரங்களை அடுக்கி வைத்திருந்த பையனைக் கற்பனை செய்யத் தேவையே இல்லை, பார்த்தேன். ஒன்றைக் காட்டி, "ஓடுமாப்பா?" என்று கேட்டேன்.

"ஓடும் அண்ணே. ஓடறதுக்கு விலை இல்ல. உடைச்சா உள்ளே இருக்கிற செம்புக்குத்தான் விலை" என்றான்.

மின்கழிவுக்காக நம் தேசத்தில் 2022இல் புதிய விதிகள் வந்தன. அவை சாமானைச் செய்தவரைப் பொறுப்பாளி ஆக்குகின்றன. ஓடுகிற சாமானை ஒரு தேதியால் கழிவாக்கியவர் அந்தப் பொறுப்பில் எங்கே வருகிறார் என்று வக்கீல் நண்பரைக் கேட்டிருக்கிறேன். படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார். முடிச்சூர் சாலைக்காரர் இதற்குள் தவணையில் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று எடுத்துவிட்டார். சர்க்கார் வலைத்தளங்களுக்கெல்லாம் அதுதான். பழையதை இணையத்திலிருந்து பிடுங்கிவிட்டு ஸ்கேனருக்கு மட்டும் வைத்திருக்கிறார். பத்திரத்தைப் பழையதில் படமெடுத்து, பென் டிரைவில் ஏற்றி, புதியதில் செருக வேண்டும். ஒரு மனுவுக்கு நாலு நிமிஷம் அதிகம் பிடிக்கிறது. அதற்காகக் கட்டணத்தை ஐந்து ரூபாய் உயர்த்தியிருக்கிறார்.