தாயர் இருவர், மனை ஒன்று

வீடென்றால் அதற்கோர் ஆண்மகன் தலைவனாக வேண்டுமென்பது நம்மவருள் ஆழ வேரூன்றிய எண்ணம். தோட்ட அலுவலகத்துப் பேரேட்டிலும் "குடும்பத் தலைவர்" என்றொரு கட்டம் உண்டு. அதனை நிரப்புவதே கிராணியாகிய நமது பிழைப்பு. சில ஆண்டுகட்கு முன், கணவனை இழந்த ஒரு சகோதரிக்கு, வீட்டைக் காலி செய்யும்படி கடிதம் எழுதியதும் நமது கையே. அவ்வீடு கணவன் செய்த வேலைக்கு உரியதேயன்றி அவன் விட்டுச்சென்ற குடும்பத்திற்கு உரியதன்று என்பது விதி. விதியை நாம் ஆக்கவில்லை. எனினும், ஆங்கிலப் பள்ளியிற் கற்ற இலக்கணம் வீண்போகாமல் கடிதம் ஒரு பிழையுமின்றி அமைந்ததே என்று அன்று நாம் மகிழ்ந்ததை மறைப்பானேன்?

அச்சகோதரி தம் இரு பிள்ளைகளோடு பண்டமாரானுக்குக் குடிபெயர்ந்தார். போர்ட் கிள்ளானை அடுத்த அவ்வூர், 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் அமைக்கப்பட்ட புதுக்கிராமங்களுள் ஒன்று. மக்களை அவர்தம் விருப்பம் கேளாமல் ஓரிடத்திற் குடியேற்றிய காலம் அது. அதே ஊரில், கணவனாற் கைவிடப்பட்டு மூன்று பிள்ளைகளோடு தனித்திருந்த மற்றொரு பெண்ணும் இவரும் தம் விருப்பத்தினாலேயே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தனர். சேமநிதிப் பத்திரமொன்றிற் கையொப்பம் பெறும்பொருட்டு நாம் அங்குச் சென்றபோது, ஒருவர் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து உறங்கிக்கொண்டிருந்தார். மற்றவர் விற்பனைக்கு இட்டலி அவித்துக்கொண்டே ஐந்து பிள்ளைகளையும் பள்ளிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். தோழியின் பையன் ஒருவன் காலணியை எறிந்தான். அவர் அவனை வன்மையாக ஏசினார். நாம் சற்றுத் திகைத்ததைக் கண்டு, "பக்கத்து வீட்டுப் பிள்ளையைத்தான் ஐயா ஏசக்கூடாது, இவனுக்கு நான் பெரியம்மா" என்றார்.

இச்சொல்லைப் பற்றிச் சிறிது ஆராய்தல் தகும். தந்தையின் உடன்பிறந்தாள் நமக்கு அத்தை. அவள் மகளை மணக்கலாம். தாயின் உடன்பிறந்தாளோ பெரியம்மா அல்லது சின்னம்மா. தாய் என்னும் பெயரை விட்டு நீங்காதவள். அவள் மக்கள் நமக்கு உடன்பிறந்தார். அங்கே மணமென்ற பேச்சிற்கே இடமில்லை. ஆகவே, இரத்தத் தொடர்பற்ற இரு பெண்கள் தம் பிள்ளைகளை ஒருவரையொருவர் பெரியம்மா என்றும் சின்னம்மா என்றும் அழைக்கப் பழக்கும்போது, வெறும் மரியாதைச் சொல்லையா கற்பிக்கின்றனர்? ஊட்டவும், ஏசவும், காய்ச்சல் கண்ட இரவில் விழித்திருக்கவும் ஒரு கடமையை ஏற்கின்றனர். ஐந்து பிள்ளைகளையும் அண்ணன் தங்கையராக ஆக்கிவிடுகின்றனர். இவ்விருவரும் ஒரே சாதியினர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். கலப்பு மணத்தைப் பற்றி மேடைதோறும் முழங்கும் நாம், ஒரே அடுப்பில் ஓசையின்றி நடந்துவிட்ட இக்கலப்பைக் கவனித்தோமா?

இது மேனாட்டுப் புதுமோகம் என்று சிலர் கூறக்கூடும். அன்னார் ஆயாக் கொட்டகையை மறந்தார்கள் போலும். பால்வெட்டுக்குச் சென்ற தாய்மார் விடியுமுன்னே தம் குழந்தைகளை ஒரு மூதாட்டியிடம் விட்டுச் செல்ல, லயத்துப் பிள்ளைகள் அனைவரும் ஒரே கொட்டகையின் தொட்டில்களில் வளர்ந்தனர். பின்னர், 1942-43-இல் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் - பர்மா இரயில் பாதைக்கெனத் தோட்டத் தமிழரைப் பல்லாயிரக்கணக்கிற் கொண்டு சென்றனர். அவருட் பெருந்தொகையினர் மீளவில்லை. ஆடவர் போய்விட்ட லயங்களில், எந்தப் பிள்ளை எவர் வீட்டுச் சோற்றை உண்டது என்று கணக்கெழுதிய கிராணி எவரும் இலர்.

தாய்நாட்டிலும் கைம்பெண்களுக்கு இல்லங்கள் கண்ட பெருமாட்டிகள் உண்டு. பண்டித ரமாபாய் 1889-இல் பம்பாயில் சாரதா சதனைத் தொடங்கினார். தாமே இளங்கைம்பெண்ணாகிய சகோதரி சுப்புலட்சுமி, 1912-ஆம் ஆண்டளவில் சென்னை எழும்பூரில் கைம்பெண் சிறுமியரைச் சேர்த்துக் கல்வியளித்தார். அங்குச் சேர்ந்தோர் பிராமணப் பெண்களே. விடுதிகள் ஏற்க மறுத்த தேவதாசி குலத்துச் சிறுமியர்க்கும் கதவு திறக்கவேண்டுமென்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் அவ்வை இல்லம் கண்டார். இவர்தம் தொண்டை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், இல்லத்தின் சாவி இல்லத்தாரிடம் இருக்கும். அடைக்கலம் புகுந்தவள் நன்றி சொல்லிக்கொண்டே இருத்தல் வேண்டும். பண்டமாரான் வீட்டிலோ சாவிகள் இரண்டு. நன்றி கூறவேண்டியவர் எவருமில்லை. அடைக்கலத்திற்கும் மனைக்கும் உள்ள வேறுபாடு இதுவே என்பது நமது கருத்து.

"ஆண்துணையின்றிப் பெண்களுக்குப் பாதுகாப்பு ஏது?" என்பது அடுத்த கேள்வி. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, தொழிலாளப் பெண்களைத் துரைமாரும் 'கறுப்புத் துரைமாரும்' மானபங்கம் செய்வது ஒழிய வேண்டுமென்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது. கறுப்புத் துரைமார் யாவர்? நம் போன்ற அலுவலகத்தாரே! லயத்தில் அந்நாளில் தந்தையும் கணவனும் அண்ணனும் இல்லாமலா இருந்தனர்? அதிகாரம் எங்கிருந்ததோ அங்கிருந்தே ஆபத்தும் வந்தது.

இவ்வாறு கூறுவதனால் அவ்வீட்டைச் சுவர்க்கமென்று நாம் புனையவில்லை. அரிசிக் காசில் பிணக்கு வந்ததுண்டு. மூத்த பெண் பதினான்கு வயதிலேயே பாதித் தாயாகிவிட்டாள். அவள் படிப்பிற்கு வரும் குறையை யார் ஈடுசெய்வது? இருவரில் ஒருவர் நாளை மறுமணம் புரிந்தால் (புரியவேண்டும் என்றே சீர்திருத்தக்காரர் சொல்லுவோம்) மற்றவர் வளர்த்த பிள்ளைகள் எவர் பிள்ளைகள்? இதனை நாம் அவரிடமே கேட்டோம். "கூப்பிட்டால் வரும் தூரத்தில் வீடு பார்ப்போம்" என்றார். இவ்விடையிற் பாதி நம்பிக்கை, மறுபாதி அச்சம்.

சட்டமும் இவ்வுறவை அறியாது. இந்நாட்டில் முஸ்லிமல்லாத தாய்க்கே தந்தையோடொத்த பாதுகாவலர் உரிமை 1999-இல் செய்யப்பட்ட திருத்தத்தால்தான் கிட்டிற்று. அங்ஙனமிருக்கப் பெரியம்மாவுக்கு ஏது உரிமை? சென்ற மாதம் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. பெற்ற தாய் வேலையிலிருந்தமையால் மற்றவர் கையொப்பமிட்டார்; அது திருப்பியனுப்பப்பட்டது. இருவரும் நம்மிடம் வந்து, பெற்றவள் இல்லாத நேரத்தில் மற்றவர் ஒப்பமிட அதிகாரமளித்து ஒரு கடிதம் எழுதித் தருமாறு கேட்டனர். எழுதினோம். "உறவு" என்னுமிடத்திற் கை நின்றது. ஆங்கிலத்தின் ஆண்ட்டி, அத்தையையும் பெரியம்மாவையும் ஒன்றாக்கிவிடும். மலாயின் மாச்சிக் வழியிற் காணும் மாதரையெல்லாம் குறிக்கும். நெடுநேரம் எண்ணியபின், பெரியம்மா என்பதையே ரோமன் எழுத்தில் எழுதிக் கொடுத்தோம். பள்ளியார் அதனை இதுவரை திருப்பியனுப்பவில்லை.