முழு அணிக்கும் தண்டனையா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஃபுட்சால் முடிந்து மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தோம். யாரோ ஹார்வர்ட் காற்பந்து அணியின் கதையை எடுத்தார்கள். அவ்வளவுதான். தே தாரிக் ஆறிப்போச்சு, ரொட்டி சானாய் காய்ந்துபோச்சு, பேச்சு மட்டும் ஓயவில்லை. "ஒருத்தன் ரெண்டு பேர் செஞ்ச தப்புக்கு மொத்த டீமையும் உட்கார வைக்கிறது என்ன நியாயம்ணே?" என்று தம்பி ஒருவன் மேசையைத் தட்டிக் கேட்டான். அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கதை தெரியாத நண்பர்களுக்காகக் கொஞ்சம் விவரம். 2016ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆண்கள் காற்பந்து அணிக்கு அது அருமையான பருவம். எட்டுப் பல்கலைக்கழகங்கள் மோதும் ஐவி லீக்கில் அவர்கள்தான் முதலிடம். மிச்சம் இருந்தது இரண்டே ஆட்டம். நல்லபடி முடித்தால் லீக் பட்டம், அதற்கு மேல் தேசியப் போட்டிக்குப் போகும் வாய்ப்பு. ஐவி லீக்கில் விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளம் கிடையாது. காசுக்கு ஆடும் பையன்கள் இல்லை இவர்கள். அந்தச் சட்டைக்காக ஆடுகிறவர்கள்.

அக்டோபர் இறுதியில் ஹார்வர்ட் மாணவர்களே நடத்தும் 'தி கிரிம்சன்' நாளிதழில் ஒரு செய்தி வந்தது. 2012இல் ஆண்கள் அணியில் இருந்த ஒருவர், பெண்கள் அணிக்குப் புதிதாக வந்த மாணவிகளைப் பற்றி ஒன்பது பக்கத்துக்கு ஓர் 'அறிக்கை' தயாரித்து அணியினருக்கு அனுப்பியிருக்கிறார். ஆட்டத்திறனைப் பற்றி இல்லை. படத்தைப் போட்டு, அழகுக்கு மதிப்பெண் போட்டு, இங்கே எழுதக் கூசும் வருணனையும் சேர்த்து. அது இணையத்தில் யாரும் பார்க்கும்படி வருஷக்கணக்கில் கிடந்திருக்கிறது.

'நாலு வருஷத்துக்கு முந்திய கதை, அந்தப் பையன்கள் பட்டம் வாங்கிப் போயாச்சு' என்று விட்டிருக்கலாம். அன்றைய பல்கலைக்கழகத் தலைவர் ட்ரூ ஃபாஸ்ட் விடவில்லை. விசாரிக்கச் சொன்னார். அந்த வழக்கம் 2016 வரைக்கும் தொடர்ந்திருப்பது தெரியவந்தது. முதலில் கேட்டபோது இப்போதைய ஆட்டக்காரர்கள் உண்மையை முழுசாகச் சொல்லவும் இல்லை. நவம்பர் 3, வியாழக்கிழமை, மீதிப் பருவம் ரத்து என்று அறிவித்தார்கள். சனிக்கிழமை கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு ஆட்டம் இருந்தது. லீக்கில் முதலிடத்தில் நின்ற அணி, பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனது.

தம்பியின் வாதத்தை நான் குறைத்துச் சொல்லக்கூடாது. அதில் வலு இருக்கிறது. "ஆகஸ்டுல வந்து சேர்ந்த முதலாண்டுப் பையன் என்ன பாவம் செஞ்சான்? கடைசி வருஷம் படிக்கிறவன், இதோட விளையாட்டு வாழ்க்கையே முடிஞ்சது. எழுதினவன் எவன்னு கண்டுபிடிச்சு அவனைத் தூக்குங்க. மத்தவன் வயித்துல ஏன் அடிக்கிறீங்க?" பள்ளிக்கூடத்தில் யாரோ சுண்ணாம்புக்கட்டி எறிந்ததற்கு வகுப்பு முழுக்க மேசைமேல் ஏறி நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அப்போது எவ்வளவு கொதித்தோம்! தவறு செய்தவனைத் தேடிப் பிடிக்கச் சோம்பல்பட்டு எல்லாரையும் தண்டிப்பது சோம்பேறித்தனம்தான், நீதி இல்லை. இதில் எனக்கும் அவனுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

ஆனால், இது சுண்ணாம்புக்கட்டி விஷயமா என்பதுதான் கேள்வி. இங்கே என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று மாமாக் கடையில் சொல்லவில்லை.

டிப்ளோமா படிக்கும்போது எங்கள் ஃபுட்சால் அணிக்கு ஒரு வாட்சாப் குழு இருந்தது. பயிற்சி எத்தனை மணிக்கு, யார் கார் கொண்டு வருவது, இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் சீனியர் ஒருவர் வலைப்பந்து அணிப் பெண்களின் படங்களைப் போட்டு, 'மார்க் போடுங்கடா' என்றார். போட்டார்கள். பத்துக்கு ஏழு, பத்துக்கு நாலு, ஒரு பெண்ணின் நிறத்தைப் பற்றி ஒரு கிண்டல். நான் மார்க் போடவில்லை. சிரிக்கிற முகம் ஒன்று மட்டும் போட்டேன். எதற்குப் போட்டேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். சிரிப்பு வந்ததா என்றால், இல்லை. போடாவிட்டால் 'என்ன பெரிய சாமியாராடா நீ' என்பார்களே, அதற்காகத்தான்.

யாரோ ஒருவனின் போனிலிருந்து விஷயம் அந்தப் பெண்களுக்குப் போய்விட்டது. புகார் இல்லை, விசாரணை இல்லை. நிறத்தைப் பற்றிக் கிண்டல் வாங்கிய பெண் மட்டும் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். எங்கள் தாமானைச் சேர்ந்த பெண்தான். ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். "அண்ணே, நீங்களும் அந்தக் குரூப்ல இருந்தீங்கதானே?" என்று கேட்டாள். "நான் ஒன்னும் எழுதலம்மா" என்றேன். அவள் திரும்ப ஒன்றும் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

நான் சொன்னது பொய் இல்லை. ஆனால், அவள் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. எழுதினாயா என்று அவள் கேட்கவே இல்லையே.

ஜெர்மன் தத்துவஞானி கார்ல் யாஸ்பர்ஸ், உலகப் போர் முடிந்த கையோடு 1946இல் ஜெர்மானியர்களின் குற்றத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர் நாஜி அல்ல. மனைவி யூதப் பெண் என்பதற்காகப் பேராசிரியர் வேலையைப் பறிகொடுத்தவர். 'எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று சொல்ல எல்லா உரிமையும் உள்ள மனிதர். ஆனால், அப்படிச் சொல்லவில்லை. குற்றத்தை அவர் வகை பிரித்தார். சட்டப்படியான குற்றம் செய்தவனோடு போகும். ஒரு கூட்டத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால், ஒரு நாட்டின் குடிமக்களாக இருந்ததற்கான பொறுப்பு எல்லார் மேலும் விழும். அதற்கும் அப்பால், மனச்சாட்சிக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. அதை வெளியாள் யாரும் தீர்ப்பளிக்க முடியாது.

நாஜிக் கொடுமையையும் பையன்கள் குழுவின் அசிங்கத்தையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தப் பிரிப்பு மட்டும்தான் எனக்கு வேண்டும். ஏனென்றால், தம்பிக்கு அன்று சொல்லாமல் விட்ட பதில் அதில்தான் கிடைத்தது.

ஹார்வர்ட் என்ன பறித்தது என்று பாருங்கள். அணி முழுவதையும் பல்கலைக்கழகத்தை விட்டு விரட்டவில்லை. முதலாண்டுப் பையனின் படிப்பு அவனுடையது. அதில் கை வைத்திருந்தால் நான் தம்பி பக்கம் நின்றிருப்பேன். பறித்தது பருவத்தை. பருவம் எந்தத் தனி ஆளுக்கும் சொந்தமில்லை, அணிக்குச் சொந்தம். ஒரு நிமிஷம்கூடத் திடலில் இறங்காத மாற்று ஆட்டக்காரனும் கிண்ணம் வாங்கும்போது படத்தில் நின்று பல் தெரியச் சிரிக்கிறான். 'நாங்க ஜெயிச்சோம்' என்கிறான். யாரும் அவனை 'நீ உதைச்சியா?' என்று கேட்பதில்லை. அணியாகச் சேர்ந்து வைத்திருந்த ஒன்றை, அணிக்குள் வருஷா வருஷம் கைமாறி வந்த ஒரு பழக்கத்துக்காக இழந்தார்கள். அந்த அறிக்கை ஒருவன் தன் டைரியில் எழுதி வைத்தது இல்லை. அணிக்கு அனுப்பப்பட்டது, அணிக்காக எழுதப்பட்டது. படிக்க ஆள் இல்லையென்றால் அடுத்த வருஷம் எவன் எழுதுவான்? அந்தச் சிரிக்கிற முகம்தான் அதற்குச் சம்பளம்.

விசாரணையில் மறைத்ததும் சின்ன விஷயம் இல்லை. தவறு செய்தவனை மட்டும் தனியாகத் தூக்குங்கள் என்கிறோம். ஆனால், தனியாகத் தூக்க முடியாதபடி சுற்றி நின்று மறைக்கிறவர்கள், பிறகு 'எங்களையும் ஏன் சேர்த்தீர்கள்' என்று கேட்பது எப்படிச் சரியாகும்?

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு முள் தொண்டையில் நிற்கிறது. அந்த அணியில் ஒருவன், 'டேய், வேணாம்டா, நிறுத்துங்க' என்று சொல்லியிருந்தால்? அவனுக்கும் பருவம் போச்சு. பாஞ்சாலியைச் சபையில் இழுத்து வந்தபோது துரியோதனனின் தம்பிமார்களில் விகர்ணன் ஒருவன்தான் எழுந்து 'இது தவறு' என்றான். கர்ணன் அவனை அதட்டி உட்கார வைத்தான். கடைசியில் போர் என்று வந்தபோது அந்த விகர்ணனும் அண்ணன் பக்கம் நின்று, வீமன் கையால் செத்தான். கொன்ற வீமனே அவனுக்காக வருந்தினான். சின்ன வயதில் அந்தக் கட்டம் வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், அவனை மட்டும் விட்டிருக்கலாமே என்று. இப்போதும் வருகிறது. அணிக்குக் கொடுத்த தண்டனை சரி என்றுதான் நினைக்கிறேன்; ஆனால், விகர்ணனுக்குச் செய்ய வேண்டிய ஒன்று மிச்சம் இருக்கிறது, அதைப் பல்கலைக்கழகம் ஒரு கடிதத்தில் செய்துவிட முடியாது.

2012இல் அந்த அறிக்கையில் இடம்பெற்ற ஆறு பெண்கள், செய்தி வந்த சில நாளில், அதே நாளிதழில் தங்கள் பெயரைப் போட்டே ஒரு கட்டுரை எழுதினார்கள். யாரைத் தண்டிக்க வேண்டும் என்ற பட்டியல் அதில் இல்லை. பையன்களை மன்னிக்கத் தயார் என்றார்கள். இனிமேல் இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ளத் தங்களோடு சேரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இதைக் கேட்டதும் தம்பிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பாருங்க, அவங்களே மன்னிச்சிட்டாங்க, நடுவுல நிர்வாகத்துக்கு என்ன?" மன்னிப்பு அந்தப் பெண்களின் சொத்து, தம்பி. அவர்கள் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். அவர்கள் சார்பில் நிர்வாகம் மன்னிக்க முடியாது. அவர்கள் மன்னித்ததைக் காட்டி நிர்வாகம் கையைக் கழுவவும் முடியாது. பாதிக்கப்பட்டவள் பெருந்தன்மையாக நடந்தால் நம் கணக்கு தீர்ந்தது என்று நினைப்பது நமக்கு ரொம்ப வசதியான பழக்கம். வீட்டிலும் அம்மா, தங்கை விஷயத்தில் இதைத்தான் செய்கிறோம்.

எங்கள் பஸ் நிறுத்தத்துப் பெண் என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவே இல்லை. நான் மன்னிப்பே கேட்கவில்லையே, பிறகு எங்கே அது? இப்போது அவளுக்குக் கல்யாணமாகி ஈப்போவில் இருப்பதாக அம்மா சொன்னார்.

அந்த வாட்சாப் குழு இன்னும் என் போனில் இருக்கிறது. பெயர் மாறியிருக்கிறது. தீபாவளி வாழ்த்து, குழந்தை பிறந்த செய்தி, யாருக்காவது இன்சூரன்ஸ் வேணுமா என்ற விசாரிப்பு, இவைதான் இப்போது வருகின்றன. மேலே தள்ளிக்கொண்டே போனால் அந்தப் படங்களும், கீழே என் சிரிக்கிற முகமும் கிடைக்கலாம். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது பாதி வரைக்கும் தள்ளிப் போனேன். பிறகு போனை வைத்துவிட்டு அம்மாவிடம் அந்தப் பெண்ணின் நம்பர் கேட்டேன். "எதுக்குடா?" என்றார். இன்னும் சொல்லவில்லை.