நாமும் நாங்களும்

பணியாளர் தம் தொழிலில் உள்ளம் ஒன்றி நிற்கின்றனரா என்று அறிய முதலாளிகள் விழைவது புதிதன்று. அமெரிக்காவில் சிக்காகோ நகரை அடுத்த ஹாதோர்ன் தொழிற்சாலையில், 1928 முதல் 1930 வரை ஏறத்தாழ 21,000 தொழிலாளரை அழைத்துப் பேசச் செய்தனர். குறித்த வினாக்களைக் கேட்பதைவிட, அவர்கள் விரும்பியதைப் பேசவிட்டுச் செவிமடுப்பதே பயனுடையது என அங்கு உணரப்பட்டது.

இன்றோ செவிமடுக்க ஆள் வேண்டுவதில்லை. நிறுவனத்தின் உள்வட்ட உரையாடல் தளங்களில் ஊழியர் எழுதும் சொற்களைக் கணினியே எண்ணுகின்றது. மகிழ்ச்சிச் சொல் இத்தனை, சலிப்புச் சொல் இத்தனை எனக் கூட்டி, அவர்களின் ஈடுபாட்டிற்கு மதிப்பெண்ணும் இடுகின்றது. ஆயின், சொல்லை எண்ணுதல் உள்ளத்தை அறிதல் ஆகுமா? அறியலாம் எனினும், அறிவது அறமாகுமா?

முதல் வினாவிற்கு ஒரு சிறு சொல்லே விடை தரும். ஆங்கிலத்தில் 'வீ' என்னும் தன்மைப் பன்மை மிகுந்தால் ஒற்றுமை மிகுந்தது எனக் கொள்வோர் உளர். தமிழனோ கேட்பவனையும் உள்ளடக்கி 'நாம்' என்பான். அவனை விலக்கி 'நாங்கள்' என்பான். மலாய் மொழியிலும் 'கித்தா', 'காமி' என இவ்வேறுபாடு உண்டு. "நாம் உழைக்கிறோம்" என்பது உறவு; "நாங்கள் உழைக்கிறோம்" என்பது முறையீடாகவும் இருக்கலாம். ஆங்கிலக் கணக்கில் இரண்டும் ஒன்றே. மேலும், உளவியலறிஞர் ஜேம்ஸ் பென்னபேக்கரின் ஆய்வுகளின்படி, அச்சொல்லை மிகுதியாக ஆள்வோர் உயர்நிலையில் உள்ளோரே. அங்ஙனமாயின் அளக்கப்படுவது ஈடுபாடா, பதவியா?

இரண்டாம் வினா இதனினும் ஆழமானது. வள்ளுவர் குறிப்பறிதலுக்கும் அதிகாரம் வகுத்தார், ஒற்றாடலுக்கும் வகுத்தார். அரசவினை செய்வாரையும் ஒற்றர் ஆராயவேண்டும் என்றார். ஆட்சியதிகாரம் தாங்கியோர் குடிமக்களுக்குத் தீங்கு இழைக்கக்கூடும் என்பது அதற்கு நியாயமாகலாம். அத்தகைய அதிகாரம் ஏதுமற்ற எழுத்தரை ஒற்றுவதற்கு அந்நியாயம் பொருந்துமோ?

சோர்வுற்றோரைக் காலத்தே கண்டு உதவ இவ்வளவீடு பயன்படும் என்பர். அது மறுக்கத்தக்கதன்று. ஆயினும் தன் சொல் எண்ணப்படுகின்றது என அறிந்தவன், எண்ணுவோர் விரும்பும் சொல்லையே எழுதத் தொடங்குவான். நாவில் மகிழ்ச்சி பெருகும். மனத்தில் கசப்பு தங்கும். உண்மையை நாடிய கருவியே பொய்யைப் பயிற்றும் ஆசானாகிவிடும். ஐரோப்பிய ஒன்றியம், பணியிடத்தில் முகத்தையும் குரலையும் கொண்டு உணர்ச்சியை ஊகிக்கும் கருவிகளை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் நீங்கலாக, 2025 பிப்ரவரி முதல் தடை செய்தது. எழுத்து அத்தடைக்குள் வரவில்லை. முகத்திற்கு உள்ள காப்பு சொல்லுக்கு வேண்டாவா?

ஊழியருக்கு அறிவித்து, அவர் இசைவு பெற்று, பெயர் நீக்கி, குறை தீர்க்கும் கடப்பாட்டோடு செய்யப்படும் அளவீடு ஒருவாறு அறத்தோடு ஒட்டும். மறைவில் செய்யப்படுவது ஒற்றே. முறையிடும் 'நாங்கள்', உறவு கூறும் 'நாம்' ஆக மாறவேண்டுமாயின், எண்ணும் கருவியினும் கேட்கும் செவியே முதலில் தேவை.