கோவிலுக்குள் அரசியல் வரலாமா?



நம்முடைய பங்கில் இரண்டு விதமான பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "சாமி, கோவிலில் அரசியல் வேண்டாம், மோட்சத்துக்கு வழி சொல்லுங்கள், அது போதும்" என்பது ஒன்று. "சம்பளம், சங்கம், ஷிப்ட் என்று நாங்கள் படும் பாட்டைக் கண்டும் கோவில் வாய் திறக்காதா?" என்பது மற்றொன்று. பூசை மன்றாட்டில் காண்டிராக்ட் தொழிலாளருக்காக ஒரு வரி சேர்த்தால் ஒரு சாரார் முகம் சுளிக்கிறார்கள். சேர்க்காவிட்டால் மறு சாரார் மனம் நோகிறார்கள். சங்கத்து ஆளும் கம்பெனி அதிகாரியும் ஒரே பெஞ்சியில் முழந்தாளிட்டு ஒரே சற்பிரசாதத்தை வாங்குகிற பங்கு இது. ஆகையால் விஷயத்தை மூடி வைப்பதில் பயனில்லை.

அரசியல் என்றவுடன் நம் ஜனங்கள் பயப்படுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் என்றால் 1991 மே 21-ந் தேதி இரவு நடந்த படுகொலையைத்தான் உலகத்தில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். "எதற்கு வம்பு?" என்று ஒதுங்குவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. ஆனால், நாம் ஒதுங்கினாலும் அரசியல் நம்மை விட்டு ஒதுங்குகிறதா? 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டதே! வரித் தகராறு ஒருபுறம், கம்பெனி வேறொரு கம்பெனிக்குக் கைமாறியது மறுபுறம். எங்கேயோ எடுத்த தீர்மானம் இங்கே எத்தனை வீட்டில் அடுப்பை அணைத்தது என்பது உங்களுக்குத் தெரியும். இன்னும் கிட்டத்தில் பாருங்கள். 1950 ஆகஸ்டு 10-ந் தேதி ஜனாதிபதியின் உத்தரவு ஒன்று வந்தது. அதன்படி தாழ்த்தப்பட்டவன் கிறீஸ்தவனானால் ஷெடியூல் சாதியினருக்கு உரிய சலுகையை இழப்பான். பின்பு 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் அந்தத் தடை நீங்கியது, நமக்கு நீங்கவில்லை. நாம் அரசியலிடம் போகாவிட்டாலும் அரசியல் ஞானஸ்நானத் தொட்டி வரையில் வந்து நிற்கிறது, பாருங்கள்.

"செசாருக்கு வரி கொடுக்கலாமா?" என்று பரிசேயர் சேசுநாதரைக் கேட்ட வரலாற்றை எல்லாரும் எடுத்துக் காட்டுகிறார்கள். செசாருக்கு ஒரு அறை, சர்வேசுரனுக்கு ஒரு அறை என்று நமது கர்த்தர் வீட்டைப் பங்கு போட்டுவிட்டதாக அவர்களுக்கு எண்ணம். அவர் செய்தது அதுவல்ல. நாணயத்தை வாங்கி, அதில் யாருடைய சாயல் இருக்கிறது என்று கேட்டார். நாணயத்தில் செசாருடைய சாயல் இருந்தது, சரி. மனுஷன்மேல் யாருடைய சாயல் பதிந்திருக்கிறது? ஞானோபதேசம் படித்த குழந்தையும் இதற்குப் பதில் சொல்லும். அப்படியானால் வரி செசாருக்குப் போகட்டும். மனுஷனுடைய சரீரம், அவனுடைய தூக்கம், அவன் பிள்ளையோடு இருக்கும் நேரம் ஆகிய இவைகளைச் செசார் தன் இஷ்டப்படி கையாள முடியாது. முதலாளியாலும் முடியாது.

2023 ஏப்ரல் 21-ந் தேதி நமது சட்டசபையில் ஒரு மசோதா நிறைவேறியது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்க அது இடங்கொடுத்தது. வாரத்துக்கு 48 மணி என்பது மாறாது, விருப்பமுள்ளவர்களுக்கு மட்டுமே என்று அரசாங்கம் விளக்கம் சொல்லிற்று. தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. 24-ந் தேதி மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது; மே முதல் நாள் வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். அதை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்பது அரசியல் என்று சிலர் சொன்னார்கள். இருக்கட்டும். ஆனால், பன்னிரண்டு மணி வேலையோடு கம்பெனி பஸ்ஸில் போகவர இரண்டு மூன்று மணி நேரத்தையும் கூட்டுங்கள். தகப்பன் புறப்படும்போது பிள்ளை தூங்குகிறது, திரும்பும்போதும் தூங்குகிறது. அந்த வீட்டில் செபமாலை எப்போது சொல்வார்கள்? குடும்ப செபம் செய்யுங்கள் என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டு, குடும்பம் ஒன்றாய் உட்காரும் நேரத்தை யார் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று கேட்காமல் இருந்தால், அது என்ன பிரசங்கம்?

பழைய ஞானோபதேசப் புத்தகங்களில் பரலோகத்தை நோக்கிக் கூப்பிடும் பாவங்கள் நான்கு என்று படித்திருக்கிறோம். ஏழைகளை நெருக்குவதும், வேலைக்காரனுடைய கூலியைப் பிடித்து வைப்பதும் அந்த நான்கில் இரண்டு. கொலைபாதகத்தோடு ஒரே வரிசையில் திருச்சபை அவைகளை வைத்தது. அர்ச். யாகப்பர் தம் நிருபத்தில் நிலச் சொந்தக்காரரைக் கண்டிக்கும் இடத்தை வீட்டில் எடுத்து வாசித்துப் பாருங்கள். இன்றைக்கு ஒரு குருவானவர் அப்படிப் பேசினால், அவர் எந்தக் கட்சி என்று கேட்பார்கள்.

2021 டிசம்பரில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதியில் உணவு கெட்டு, 150-க்கு மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். கூட வேலை செய்தவர்கள் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவிற்று. ஊர்விட்டு ஊர் வந்த இளம்பெண்கள் குளிர் இரவில் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12-ந் தேதிதான் திரும்பத் திறந்தது. பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க விடுதியை அரசாங்கம் கட்டித் திறந்தது. சோறு கெட்டதும் கழிப்பறையில் தண்ணீர் வராததும் ஐந்தாம் கற்பனையைச் சேர்ந்த காரியங்கள். அவற்றுக்குப் பரிகாரம் வந்த வழியோ சட்டம், அதிகாரி, மந்திரி என்னும் உலக வழி. இந்த இரண்டையும் எந்தக் கத்தியைக் கொண்டு பிரிப்பீர்கள்?

அதே தொழிற்சாலையைக் குறித்து 2024 ஜூனில் வேறொரு செய்தி வந்தது: கலியாணமான பெண்களை வேலைக்குச் சேர்ப்பதைத் தவிர்க்கிறார்கள் என்பது. கம்பெனி அதை மறுத்தது. மத்திய அரசாங்கம் மாநில அரசாங்கத்திடம் அறிக்கை கேட்டது. தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. ஆனால் பொதுவாகக் கேட்கிறேன். மெய்விவாகம் ஒரு தேவதிரவிய அநுமானம் என்று பீடத்தண்டையில் நின்று நான் போதிக்கிறேன். கழுத்தில் தாலி ஏறினால் வேலை போய்விடும் என்று பயந்து ஒரு பெண் விவாகத்தைத் தள்ளிப்போட நேர்ந்தால், அல்லது ஒளித்து வைக்க நேர்ந்தால், அது எங்கே நடந்தாலும் பங்குச் சாமிக்குச் சம்பந்தமில்லாத சங்கதியா?

நிற்க. இனி மிகவும் உறுத்துகிற விஷயத்துக்கு வருவோம். சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிற்சாலையில் 2024 செப்டம்பர் 9-ந் தேதி வேலைநிறுத்தம் தொடங்கி அக்டோபர் 15-ந் தேதி முடிந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் 37 நாள் வெளியே இருந்தார்கள். பந்தலைப் போலீசார் அகற்றினார்கள். மூன்று மந்திரிகள் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். முக்கியமான கேள்வி, தொழிலாளர் தாங்களே அமைத்த சங்கத்துக்கு அங்கீகாரம் உண்டா இல்லையா என்பது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. அந்தச் சங்கம் கம்யூனிஸ்டுகளைச் சார்ந்த சி.ஐ.டி.யூ.வோடு சேர்ந்தது. "கத்தோலிக்கன் செங்கொடியின் கீழ் நிற்கலாமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு.

தேவனை மறுக்கும் கொள்கையைத் திருச்சபை ஏற்றதில்லை. 1937-ல் பதினோராம் பத்திநாதர் பாப்பரசர் அதைக் கண்டித்து நிருபம் எழுதினார். அதில் மாறுதல் இல்லை. ஆனாலும், 1963-ல் 23-ம் அருளப்பர் பாப்பரசர் ஒரு வித்தியாசத்தைக் காட்டினார். பிழையான தத்துவம் வேறு. அதிலிருந்து கிளம்பி, காலத்தோடு மாறி, மக்களுடைய நியாயமான ஆசைகளைச் சுமந்து நிற்கும் இயக்கம் வேறு. ஆகையால் கொடியின் நிறத்தைப் பார்க்குமுன் கோரிக்கையைப் பாருங்கள். சங்கம் சேரும் உரிமையைக் கம்யூனிஸ்டு கண்டுபிடிக்கவில்லை. 1891 மே 15-ந் தேதி 13-ம் சிங்கராயர், அதாவது லியோ பாப்பரசர், எழுதிய நிருபத்திலேயே அது இருக்கிறது. தொழிலாளி கூடிச் சங்கம் அமைப்பது இயற்கையான உரிமை. சிக்கனமாய் வாழும் ஒரு தொழிலாளியைத் தாங்கப் போதாத கூலி, அவன் ஒப்புக்கொண்டிருந்தாலும் அநீதி என்று அந்த நிருபம் போதிக்கிறது. அதே நிருபம் தொழிலாளிக்கும் கடமை சொல்கிறது. ஒப்புக்கொண்ட வேலையை ஒழுங்காய்ச் செய்ய வேண்டும், முதலாளியின் சொத்தைச் சேதப்படுத்தக் கூடாது, பலாத்காரம் கூடாது. சங்கத்தார் இந்தப் பாதியையும் வாசிக்க வேண்டும். 2025 மே 8-ந் தேதி தெரிந்துகொள்ளப்பட்ட இப்போதைய பாப்பரசர், தாம் சிங்கராயர் என்ற பெயரை எடுத்துக்கொண்டதற்கு இந்த நிருபத்தையே காரணமாகச் சொன்னார். செயற்கை நுண்ணறிவு கொண்டுவரும் புதிய தொழிற்புரட்சி மனுஷனுடைய உழைப்பை என்ன செய்யும் என்பது அவருடைய கவலை. ரோபோ ஓடும் லைனில் நிற்கிற நம் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த நிருபத்துக்கு இரண்டு வருஷம் முன்பு, 1889-ல், லண்டன் துறைமுகத் தொழிலாளர் மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏறக்குறைய ஐந்து வாரம் நடந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் அதிமேற்றிராணியார் கர்தினால் மானிங்குக்கு அப்போது வயது 81. அந்தக் கிழவர் முதலாளிகளிடமும் போனார், தொழிலாளரிடமும் போனார், இரண்டு பக்கத்தின் கோபத்தையும் தாங்கிக்கொண்டார். கடைசியில் ஆறு பென்ஸ் கிடைத்தது. எந்தக் கட்சிக்கும் அவர் வோட்டுக் கேட்கவில்லை. நமது நாட்டிலும் பாருங்கள். சென்னை லொயோலா கல்லூரித் தலைவராயிருந்த சேசுசபைக் குரு ஜெரோம் டிசூசா சுவாமியார் அரசியல் நிர்ணய சபையின் அங்கத்தினராயிருந்தார். 1949-ல் மதத்தின் பேரால் சட்டசபை இடங்களை ஒதுக்குவதை அந்தச் சபை கைவிட்டபோது கிறீஸ்தவப் பிரதிநிதிகள் இணங்கினார்கள். தேசத்தின் பொது நன்மையை நம்பினார்கள்.

குருக்கள் அரசாங்க அதிகாரப் பதவி ஏற்பதையும், கட்சியிலும் சங்கத் தலைமையிலும் பங்கெடுப்பதையும் திருச்சபைச் சட்டம் தடுக்கிறது. கட்சிக்கும் சங்கத்துக்கும், திருச்சபையின் உரிமையையோ பொது நன்மையையோ கருதி மேலதிகாரிகள் அநுமதித்தால் மட்டும் விலக்கு உண்டு. ஆகவே, இந்தச் சின்னத்துக்கு வோட்டுப் போடுங்கள் என்று என்னிடமிருந்து எதிர்பார்க்காதீர்கள். பீடம் எந்தக் கட்சிக்கும் மேடையல்ல. ஆனால் அந்தத் தடை உங்களுக்கு இல்லை. கட்சி, சங்கம், பஞ்சாயத்து, தொழிலாளர் நல அலுவலகம், கம்பெனியின் மானேஜர் நாற்காலி எல்லாம் பொதுநிலையினராகிய உங்கள் வயல். விசுவாசத்தையும் அன்றாடத் தொழிலையும் வேறுவேறாக்குவது இக்காலத்தின் பெரிய தவறுகளில் ஒன்று என்று 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்ததும் உங்களை நினைத்துத்தான்.

ஆனால் நாம் எப்போது அரசியல் பேசுகிறோம்? நம் பள்ளிக்கூடத்து மானியத்துக்கு ஆபத்து வந்தால் ஊர்வலம் போகிறோம். அது அரசியலாய்த் தோன்றுவதில்லை. அடுத்தவன் கூலிக்கு ஆபத்து வந்தால் உடனே அரசியலாகிவிடுகிறது! சாக்கடை, சாக்கடை என்று சொல்லிக்கொண்டே தேர்தல் இரவில் கவரை வாங்கிக்கொள்கிறோம். 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தலே நிறுத்தப்பட்டது, 2017-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் ரத்தாயிற்று. எல்லாம் பண விநியோகத்தாலே. சாக்கடையில் தண்ணீர் ஊற்றுகிற கை எது? இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நிலத்தை விற்ற பணத்தில் வரிசையாய் ரூம் கட்டி, பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகளை ஒரே அறையில் எட்டும் பத்துமாய் அடைத்து, தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்களில் நம்மவர்களும் உண்டு. ஆள் அனுப்பும் காண்டிராக்டர்களிலும் உண்டு. பி.எப். பிடித்தம் என்று கூலியில் கழித்துக்கொண்டு அதைக் கட்டாமல் வைத்திருப்பவன், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் வந்து பூசைக்குப் பராக்காய் இருந்ததை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் எப்படி?

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்கு மன்றத்தில் ஒரு மேசை போடப்படும். காண்டிராக்ட், டிரெயினி வேலையில் இருக்கும் பிள்ளைகள், எந்த மதத்தாராயிருந்தாலும், சம்பளச் சீட்டைக் கொண்டுவரட்டும். பி.எப். கட்டியிருக்கிறதா, இ.எஸ்.ஐ. இருக்கிறதா, ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவும், வேண்டியவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கவும் நம் பங்கைச் சேர்ந்த சங்கத்துக்காரர் ஒருவரும் கம்பெனி அதிகாரி ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இந்தி தெரிந்த இரண்டு பேர் உதவிக்குத் தேவை. இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கு மரியாயின் சேனையார் காப்பி கொடுப்பார்கள்.